உதை அளித்துப் பெறப்பட்ட மரம்

ஆணை வந்த அன்று முதலில் உதை வாங்கியவர் ஒரு தச்சர். பட்டறையில் மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சாக்கை எடைமேடையில் இறக்கினார். நான் எடையைச் சொன்னேன். மேலாளர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தச்சரைத் திரும்பி நிற்கச் சொன்னார். உதைத்தார். தச்சர் மேடைமேல் குப்புற விழுந்தார். முள் அவர் எடையையும் சேர்த்துக் காட்டியது.

"எதுக்கு சார்?" என்றார் தச்சர். வாயில் ரத்தம் இருந்தது.

"ஆணை" என்றார் மேலாளர். அவருக்கு மூச்சு வாங்கியது. பழக்கம் இல்லை.

எங்களுடையது கழிவு மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம். எங்கள் தெருவுக்குப் பின்னால் மலைச்சரிவு. காய்ந்து விழுந்த மரமும் கிளையும் சருகும் அதில் வருஷக்கணக்காகக் கிடந்து, போன கோடையில் பற்றிக்கொண்டது. தீ சரிவின் பள்ளம் வழியாகத் தெருவுக்குள் இறங்கியது. இறந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அதற்குப் பிறகு மேலிடம் விழித்துக்கொண்டது. காட்டில் கிடந்து எரிவதை உலையில் போட்டு எரித்தால் தீயும் குறையும், விளக்கும் எரியும் என்றார்கள். நல்ல யோசனை. இன்றைக்கும் எனக்கு அதில் குறை இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு வேலை என்றும் சொன்னார்கள். எனக்கு எடைமேடை கிடைத்தது. நான் படித்தது வேதியியல்.

ஆணையின் வாசகம் இதுதான்: "கழிவு மரம் கொண்டுவரும் பொதுமக்களுக்கு உதை அளித்தே மரம் பெறப்பட வேண்டும்."

உதவி என்று இருக்க வேண்டும். மூட்டையை இறக்க ஒரு கை, வண்டி தள்ள ஒரு ஆள், குடிக்கத் தண்ணீர், இந்த மாதிரி. அச்சில் எழுத்து பிசகிவிட்டது. நான் மேலாளரிடம் சொன்னேன். அவர் ஆணையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் பிழை என்று நினைத்துச் செய்யாமல் விட்டு, அது பிழை இல்லை என்று ஆகிவிட்டால் வேலை போய்விடும். பிழையையே செய்துவிட்டால் ஒன்றும் ஆகாது. முப்பது வருஷ சேவையில் அவர் கற்றது அது ஒன்றுதான். ஆகவே தச்சரை உதைத்துவிட்டுத்தான் தலைமையகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினார்.

பதில் உடனே வந்தது. அதுவரை எந்தக் கடிதத்துக்கும் உடனே பதில் வந்ததில்லை. ஆணையின் சொற்களை உள்ளது உள்ளபடியே பொருள்கொள்ள வேண்டும் என்றும், சந்தேகம் எழுப்பியதற்கு மேலாளர் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இயக்குநரே நேரில் வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய விரல்கள். ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"சில பேர் இதை உதவின்னு படிக்கணும்னு சொல்றாங்களாம். நல்லா யோசிச்சுப் பாருங்க. உதவின்னு போட்டிருந்தா எதைக் கொடுக்கிறது? நம்மகிட்ட என்ன இருக்கு? கால்தான் இருக்கு. உதவி கொடுத்தா எனக்குப் பத்தல, அவனுக்கு அதிகம்னு சண்டை வரும். இதுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. ஏழை பணக்காரன் பார்க்காம, இடைத்தரகர் இல்லாம, முழுசா ஜனங்களுக்குப் போய்ச் சேர்ற ஒரே திட்டம் இதுதான்."

கை தட்டினோம். மேலாளர் கண் கலங்கியிருந்தார்.

உதை அலுவலர் என்று ஒரு பதவி உண்டானது. முன்னாள் கால்பந்து வீரர் ஒருவரைப் போட்டார்கள். நாங்கள் அவரைப் பந்து என்று கூப்பிடுவோம். அவருக்குக் கீழே உதவி உதை அலுவலர். அந்தப் பதவிப் பெயரில் மட்டும் உதவி என்ற சொல் ஒழுங்காக அச்சாகியிருந்தது. முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் வந்தது. பெண்களை ஆண்கள் உதைப்பது கண்ணியமில்லை என்று புகார் எழுந்ததும், இயக்குநர் அதை ஏற்று ஒரு பெண் அலுவலரை நியமித்தார். அந்த அம்மா முதல் நாளே ஒரு சலவைக்காரியின் முதுகுத்தண்டை உடைத்தார். முன்னேற்றம் என்று சுற்றறிக்கை வந்தது.

பந்து கெட்டவர் இல்லை. உதைப்பதற்கு முன்னால் "பல்லைக் கடிச்சுக்குங்க" என்று சொல்வார். பால்காரருக்கு இடுப்பு இறங்கியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் விழுந்த வேகத்தில் முன்பற்கள் இரண்டையும் மேடையிலேயே விட்டுவிட்டுப் போனார். மரத்தைச் சில்லாக நொறுக்கும் இயந்திரத்துக்குப் பல்லன் என்று பெயர் வைத்திருந்தோம். அதை ஓட்டுபவர் அந்தப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு, இது கழிவில் வருமா என்று என்னிடம் கேட்டார். மரப்பொருள் மட்டும்தான் என்றேன்.

மரம் கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். சரிவில் கிடந்தது அப்படியே கிடந்தது. உலைக்குத் தீனி போதவில்லை. ஆய்வுக் கூட்டம் நடந்தது. மக்கள் வராததற்குக் காரணம் உதை சரியாகப் போய்ச் சேராததுதான் என்று கண்டார்கள். அதனால் நடமாடும் உதைக் குழு அமைக்கப்பட்டது. குழு வேனில் தெருத் தெருவாகப் போய் முன்பண உதை அளித்தது. உதையை இப்போது வாங்கிக்கொள்ளலாம், மரத்தைப் பிறகு கொண்டுவரலாம். சலூனில் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதரைப் பின்னாலிருந்து உதைத்ததில், நாற்காலியில் இருந்தவருக்குக் காது பாதி போய்விட்டது. அவர் காதைக் கையால் பொத்திக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். வெறுங்கையோடு வந்திருந்ததால் அவரை உதைக்க முடியாது என்று மேலாளர் விளக்கினார். கோபத்தில் அவர் வாசலில் கிடந்த ஒரு கட்டையைத் தூக்கினார். அதனால் உதைக்க முடிந்தது.

இத்தனைக்கும் நடுவில் தினமும் தவறாமல் மரம் கொண்டுவந்தவர் ஒருவர்தான். அவர் என் மாமனார்.

அவர் தையல்காரர். தீக்குப் பிறகு நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். வேறு யாரும் இல்லை. மதியம் கடையை மூடிவிட்டு, ரம்பத்தையும் கைவண்டியையும் எடுத்துக்கொண்டு பின்புறப் பள்ளத்துக்குப் போவார். தீ இறங்கிய அதே பள்ளம். முன்பு பாதி எரிந்து நின்ற மரங்கள் இப்போது முழுசாகக் காய்ந்து அதில் விழுந்து கிடந்தன. உலர்காற்று தொடங்குவதற்குள் பள்ளத்தைக் காலி செய்துவிட வேண்டும். அவர் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். மகளைப் பற்றிப் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். பள்ளத்தில் எவ்வளவு பாக்கி என்று கேட்பேன். மேல்பக்கம் முடிந்தது, கீழ்ப்பக்கம் கிடக்கிறது என்பார்.

ஒரு வண்டிக்கு ஓர் உதை. அவர் மேடைமேல் வண்டியை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்பார். பந்து உதைப்பார். எழுந்து, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். என்னைப் பார்க்கமாட்டார். மாப்பிள்ளைக்குச் சங்கடம் வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

கொஞ்ச நாளில் அவரால் உட்கார முடியவில்லை. தையல் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்து, நின்றுகொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தார். சாயங்காலம் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். குப்புறப் படுத்துக்கொண்டு, பந்துவின் கால் வீச்சைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். இடதுகாலால் உதைக்கும் நாட்களில் அடி கொஞ்சம் விலகி விழுகிறதாம், அது பரவாயில்லையாம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பின்புறம் பஞ்சு வைத்து ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டார். அடுத்த உதையில் விழவில்லை, ஓர் அடி முன்னால் போய் நின்றார். செய்தி பரவியது. பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். தச்சர் வந்தார், பால்காரர் வந்தார், பல் போன ஆசிரியர் வந்தார். எல்லோரும் பின்புறம் பெருத்து, மரத்தைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். உலை முழு வேகத்தில் எரிந்தது. ஊரில் விளக்குகள் மங்காமல் எரிந்தன. சரிவின் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் சுத்தமானது.

தலைமையகம் அதிர்ந்துபோனது. உதை மக்களைச் சென்றடையவில்லை, இடையில் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது என்று அறிக்கை வந்தது. அதற்கு உதைக் கலப்படம் என்று பெயர் வைத்தார்கள். வாசலில் கத்தரிக்கோலோடு நான்கு காவலர்கள் நின்றார்கள். மரம் கொண்டுவந்தவர்களைக் குனியவைத்துக் கால்சட்டையைக் கிழித்தார்கள். கத்தரி பஞ்சோடு நிற்கவில்லை. வாசலில் சிதறிய பஞ்சு சிவப்பாக இருந்தது. பஞ்சையும் எரிக்கலாமா என்று பல்லனை ஓட்டுபவர் கேட்டார். அதுவும் மரப்பொருள் இல்லை என்றேன்.

மாமாவைத் தனியாக விசாரித்தார்கள். பஞ்சு எங்கே வாங்கினார், யார் தூண்டினார்கள் என்று கேட்டார்கள். தையல்காரன் பஞ்சு வாங்குவதற்கு யாரும் தூண்ட வேண்டாம் என்றாராம். வலதுகையின் இரண்டு விரல்களை அவருடைய மெஷினின் ஊசிக்குக் கீழேயே வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார்கள். மறுநாள் இடதுகையால் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனார்.

அந்த வாரம் ஊர் பொறுமை இழந்தது. கால்சட்டை கிழிந்தவர்கள் கூட்டமாக வந்து பந்துவை எடைமேடையில் படுக்கவைத்து, அவர்கள் கொண்டுவந்த மரத்தாலேயே முழங்காலை அடித்து நொறுக்கினார்கள். முதல் அடியில் பந்து கத்தினார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடிச்சுக்குங்க என்று தச்சர் அவரிடம் சொன்னதைக் கேட்டேன். அடித்து முடித்ததும் மரத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உதைக்க ஆள் இல்லாததால் அந்த மரத்தைப் பெற முடியவில்லை. காவலர்கள் அதை வண்டியில் ஏற்றிச் சரிவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஏற்கப்படாத மரத்தை எடுத்த இடத்திலேயே திரும்பப் போட வேண்டும் என்பது விதி. வேறெங்கும் வைத்திருந்தாலோ எரித்தாலோ சிறை.

உதவி உதை அலுவலரும் பெண் அலுவலரும் மருத்துவ விடுப்பில் ஓடிப்போனார்கள். அடுத்த பணிமூப்பு எனக்கு. மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பூட்ஸைக் கொடுத்தார். வாழ்த்தினார். நாளைக்கு இயக்குநர் பார்வையிட வருகிறார், மானத்தைக் காப்பாற்று என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டுப் போட்ட விரல்களை ஒதுக்கிவைத்துக்கொண்டு நூல் கோக்கப் பார்த்தார்.

"நாளைக்குக் கடைசி வண்டி" என்றார். "அதோட பள்ளம் காலி."

"நாளைக்கு வேண்டாம் மாமா. அங்க நான்தான் நிக்கிறேன்."

"தெரியும். பால்காரர் சொன்னார்." என் கையைப் பார்த்தார். "அதான் பூட்ஸா? அளவு சரியா இருக்கா?"

"கொஞ்சம் பெருசு."

"கொண்டாங்க, முன்னால துணி வெச்சுத் தரேன். இல்லேன்னா உதைக்கிறப்ப உங்க விரல் பேந்துடும்."

"நான் வேலையை விட்டுடறேன் மாமா."

"விட்டா வேற எவனையாவது போடுவாங்க. அவன் கால் எங்க படும்னு யாருக்குத் தெரியும்?" பூட்ஸுக்குள் கையை விட்டு அளந்தார். "காத்து இன்னிக்கே திரும்பிடுச்சு மாப்பிள்ளை. இனிமே தள்ளிப்போட முடியாது."

அவர் எதிரில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததுகூட இல்லை.

மறுநாள் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் எடைமேடைக்கு அருகில் நிழலில் நின்றார். பின்னால் மேலாளர், புகைப்படக்காரர், காவலர்கள். வெளியே ஊர்க்காரர்கள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிளைகள், சுள்ளிகள், கரிந்த அடிமரம் ஒன்று. வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பி நின்றார்.

காலைத் தூக்கி மெதுவாகத் தொட்டேன்.

"இது தொடுறது" என்றார் இயக்குநர். "உதை இல்ல. மறுபடியும்."

மறுபடியும் உதைத்தேன். மாமா லேசாக ஆடினார்.

"இது தள்ளுறது. நீங்க படிச்சவர்தானே? உதைன்னா என்னன்னு தெரியாதா?"

மூன்றாவதையும் செல்லாது என்றார். மாமா திரும்பாமலே பேசினார். குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"ஒரே உதையா உதைங்க மாப்பிள்ளை. இப்படி நாள் பூரா நின்னா அதுதான் வலிக்குது."

உதைத்தேன்.

அவர் முன்னால் பறந்து மேடையின் இரும்பு விளிம்பில் விழுந்தார். விலா முறிந்தது எனக்குக் கேட்டது. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். இயக்குநர் கை தட்டினார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். பல்லனை ஓட்டுபவர் கைவண்டியை இழுக்க வந்தார்.

அப்போது மேலாளர் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் மாறியது.

"இவர் உங்க மாமனாரா?"

"ஆமா சார்."

"மனைவியோட அப்பா?"

"ஆமா."

"அப்ப பொதுமக்களுக்குப் போக வேண்டியதை உங்க குடும்பத்துக்கே எடுத்துக் கொடுத்திருக்கீங்க." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "ஊர்ல இத்தனை பேர் வேலிக்கு வெளிய காத்துக்கிட்டு நிக்கிறப்ப, சொந்தக்காரருக்கு ஒண்ணு இல்ல, நாலு. இதுக்குப் பேர் சலுகை தம்பி. இந்த மாதிரி ஆட்களாலதான் நல்ல திட்டமெல்லாம் நாசமாப் போகுது. உதை செல்லாது. வண்டியைத் திருப்புங்க."

இரண்டு காவலர்கள் வண்டியைப் பிடித்தார்கள். பள்ளத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். புழுதி அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இயக்குநர் குறுக்கே நின்ற காவலரை விலக்கிக்கொண்டு எடைமேடைமேல் ஏறி, படுத்துக் கிடந்த மாமாவைக் குனிந்து பார்த்தார். இது உங்கள் தப்பு இல்லை, உங்கள் மாப்பிள்ளையின் தப்பு என்று ஆறுதலாகச் சொன்னார்.

மாமா ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒரு சுள்ளியை உருவினார். இயக்குநரிடம் நீட்டினார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடிங்க."

இயக்குநர் வாங்கிக்கொண்டார். எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை.

மாமா என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அந்த மேடையில் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, ஐயா உங்களுக்கு உறவா?"

"இல்லை மாமா."

"கையில என்ன வெச்சிருக்கார்?"

சுள்ளியையும் எடைமேடையையும் பார்த்தேன். பிறகு மேலாளரிடம் கேட்டேன். மரத்தோடு எடைமேடையில் நிற்பவர் பொதுமக்கள்தானா என்று கேட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்குநரைப் பார்த்தார், சுள்ளியைப் பார்த்தார். பிழையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆணைப்படி சரிதான்" என்றார்.

"என்னய்யா உளர்றீங்க?" என்று இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். திரும்பியதில் எனக்கு முதுகைக் காட்டினார்.

உதைத்தேன். தொடுவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. அவர் முகம் இரும்பில் மோதியது. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்தது. காவலர்கள் வண்டியை விட்டுவிட்டு மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் தலையை அசைத்தார். அவர்களும் ஆணையைப் படித்தவர்கள், நகரவில்லை. பல்லனை ஓட்டுபவர் வந்து இயக்குநரின் கையிலிருந்து சுள்ளியை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே போட்டார். அது நொறுங்கும் சத்தம் கேட்டது. மரம் பெறப்பட்டது.

இயக்குநர் முட்டிபோட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பினார். பிடிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டித் துழாவினார். மாமா அந்தக் கையில் இன்னொரு சுள்ளியை வைத்தார். விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

"பல்லைக் கடிச்சுக்குங்க சார்" என்றேன்.

இரண்டாவது உதையில் இயக்குநருக்கு இடுப்பில் ஏதோ விட்டுப்போனது. மூன்றாவதற்கு அவரை இரண்டு காவலர்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. உதவி என்று அந்த நிலையத்தில் யாருக்காவது கிடைத்தது அன்றைக்குத்தான். வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் குனிந்து தரையில் எதையோ பொறுக்கினார்கள். பிறகு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு குச்சி இருந்தது, அதை அவர்கள் தங்களுக்காக எடுக்கவில்லை.

வண்டியில் இன்னும் முக்கால்வாசி மரம் இருந்தது. மாமா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைக் கிளறினார். அடிமரத்தையும் பெரிய கிளைகளையும் ஒதுக்கிவிட்டு, மெல்லிய குச்சிகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.